கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு நாவலாசிரியர்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முராகாமியின் பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். வந்த கடிதங்களில் பாதி அவரைப் பற்றித்தான். திட்டி எழுதியவர்களும் உண்டு, உருகி எழுதியவர்களும் உண்டு. சரி, இந்த முறை எல்லாப் பக்கமும் அவருக்கே. அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுத்தாளர் ஆகிவிட்டார் என்கிறார்களே, நம்பலாமா?
*வாசகர், மதுரை*

அவரே எழுதியிருக்கிறார், அதனால் நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. 1978 ஏப்ரல் 1, டோக்கியோவின் ஜிங்கூ மைதானம். பருவத்தின் முதல் ஆட்டம். யாகுல்ட் ஸ்வாலோஸும் ஹிரோஷிமா கார்ப்பும் மோதுகின்றன. ஸ்வாலோஸ் அப்போது சவலை அணி, கூட்டம் அதிகம் கிடையாது. 29 வயது முராகாமி மைதானத்தின் புல் சரிவில் பீரோடு சாய்ந்துகிடக்கிறார். முதல் இன்னிங்ஸில் டேவ் ஹில்டன் என்ற ஒல்லியான அமெரிக்கர், அணிக்குப் புதிதாக வந்தவர், பந்தை இடப்பக்கம் அடித்துவிட்டு இரண்டாம் ‘பேஸ்’ வரை ஓடிச் சேர்கிறார். மட்டையில் பட்ட சத்தம் கணீரென்று கேட்டதாம். அந்த நொடியில், காரணமே இல்லாமல், ‘என்னால் ஒரு நாவல் எழுத முடியும்’ என்று தோன்றியதாம். வானத்திலிருந்து ஏதோ மிதந்து இறங்கியது, அதைக் கையில் பிடித்துக்கொண்டேன் என்கிறார். ஆட்டம் முடிந்ததும் ஷின்ஜுகுவில் கினோகுனியா புத்தகக் கடைக்குப் போய்க் கட்டம் போட்ட தாளும் ஒரு பேனாவும் வாங்கினார். அந்தச் சவலை அணி அந்த வருடம் ஜப்பான் சாம்பியன் ஆனது தனிக் கதை.

எல்லோரும் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்கு முன்பு நடந்ததில்தான் அக்கறை. வானத்திலிருந்து இறங்கியது யார் கையில் விழுந்தது? கடன் வாங்கிக் கடை நடத்திக்கொண்டிருந்த ஒரு ஆள் கையில். வாசேதா பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கப் போனவர், படிப்பை முடிக்கும் முன்பே 1971இல் யோகோவைக் கல்யாணம் செய்துகொண்டார், பட்டம் வாங்கியது 1975இல். ஊரில் எல்லோரும் படித்து, வேலைக்குப் போய், பிறகு கல்யாணம் செய்வார்கள், நான் தலைகீழாகச் செய்தேன் என்பார். இருவரும் பகலிலும் இரவிலும் ஏதேதோ வேலை பார்த்துச் சேர்த்த பணம், மிச்சத்துக்குக் கடன், 1974இல் கொகுபுன்ஜியில் ஒரு ஜாஸ் கடை. பகலில் காபி, இரவில் மது. பெயர் ‘பீட்டர் கேட்’, வளர்த்த பூனையின் பெயர். 1977இல் கடையை செந்தகாயாவுக்கு மாற்றினார்கள்.

ஒரு மாதம் வங்கித் தவணை கட்டப் பணம் இல்லை. நள்ளிரவில் புருஷனும் பெண்டாட்டியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், தெருவில் கசங்கிய நோட்டுகள் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தால் தேவையான தொகை அப்படியே இருக்கிறது! சட்டப்படி காவல் சாவடியில் ஒப்படைத்திருக்க வேண்டும், ஒப்படைக்கவில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். ஆட்டத்துக்கு மறு வருடம், ‘குன்ஸோ’ இலக்கியப் பத்திரிகையிலிருந்து போன்: எங்கள் புதுமுக எழுத்தாளர் போட்டியில் உங்கள் நாவல் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, படுக்கையில் இருந்தவர், போட்டிக்கு அனுப்பியதையே மறந்துபோயிருந்தார். மனைவியோடு நடக்கப் போனபோது செந்தகாயா தொடக்கப் பள்ளியருகே புதருக்குள் சிறகு அடிபட்ட தூதுப்புறா ஒன்று, காலில் உலோகத் தகடு. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஒமோதெசாந்தோ பக்கத்துக் காவல் சாவடி வரை நடந்திருக்கிறார். உள்ளங்கையில் அதன் சூடு நடுங்கிக்கொண்டிருந்தபோது பரிசு தனக்குத்தான் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டதாம். பரிசும் கிடைத்தது. பணத்தைக் கொடுக்காத மனிதர் புறாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார் பாருங்கள், எனக்குப் பிடித்த முராகாமி அவர்தான்.

முராகாமி நாவலை ஒரே வரியில் சொல்லுங்களேன்.
*வாசகர், சேலம்*

அடுப்பில் ஸ்பகெட்டி வெந்துகொண்டிருக்கும்போது போன் அடிக்கும், எடுத்தால் தொலைந்தோம்.

அவருடைய தமிழ் மொழிபெயர்ப்பை மட்டுமே வாசித்திருக்கிறேன். ஜப்பானிய எழுத்து மாதிரியே இல்லையே, ஏதோ அமெரிக்கக் கதை போல இருக்கிறதே?
*வாசகி, திருச்சி*

உங்கள் காது சரியான காது. ஜப்பானிலேயே மூத்த விமர்சகர்கள் இதைத்தான் சொல்லி அவரை வைதார்கள். ‘வெண்ணெய் நாற்றம் அடிக்கிறது’ என்பது மேல்நாட்டு வாடைக்கு அங்கே வழக்கமாகச் சொல்கிற சொல், அதை இவர் நிறையவே கேட்டிருக்கிறார்.

1949 ஜனவரி 12இல் கியோத்தோவில் பிறந்தவர். வளர்ந்தது நிஷினோமியா, ஆஷியா, கோபே பக்கம். கோபே துறைமுக ஊர். வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் விட்டுப்போன ஆங்கில மலிவுப் பதிப்புகள் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தன, பையன் அதைப் படித்தே வளர்ந்தான். அப்பாவும் அம்மாவும் ஜப்பானிய இலக்கியம் கற்பித்த ஆசிரியர்கள். சாப்பாட்டு மேசையில் செவ்வியல் கவிதை பற்றிய பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பிள்ளை எந்தப் பக்கம் ஓடும்? நம் வீட்டுத் தமிழாசிரியர் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

முதல் நாவலை எழுதியபோது ஒரு காரியம் செய்தார். கடையை மூடிவிட்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுதியதை வாசித்துப் பார்த்தால் சகிக்கவில்லை. இலக்கியம் என்று நினைத்துக்கொண்டு எழுதியதால் வந்த வினை. அலமாரியிலிருந்து பழைய ஒலிவெட்டி தட்டச்சுப் பொறியை எடுத்து, தொடக்கத்தை ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். ஆங்கிலம் அவருக்கு அரைகுறை, சொற்கள் கொஞ்சம்தான் தெரியும், அதனால் வாக்கியம் தானாகவே குட்டையானது, அலங்காரம் உதிர்ந்தது. பிறகு அதையே ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். அந்த நடைதான் இன்றுவரை அவர் நடை. நாவல் ‘காற்றின் பாடலைக் கேள்’, 1979. அதையும் அடுத்த ‘பின்பால், 1973’ஐயும் சமையலறை மேசை நாவல்கள் என்று செல்லமாகச் சொல்வார். ஜப்பானுக்கு வெளியே அவற்றின் ஆங்கிலப் பதிப்பு வரவிடாமல் 2015 வரை இழுத்தடித்தார்.

இன்னொன்று, அவர் ஓயாமல் மொழிபெயர்ப்பவரும்கூட. அமெரிக்கச் சிறுகதைக்காரர் ரேமண்ட் கார்வரின் கதைகளை ஜப்பானியர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே இவர்தான். சாலிஞ்சர், ஃபிட்ஸ்ஜெரால்ட், சாண்ட்லர் எல்லோரையும் பெயர்த்திருக்கிறார். காலையில் சொந்த நாவல், மதியத்துக்கு மேல் மொழிபெயர்ப்பு. களைப்பு தீர வேறொருவர் வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வது நல்ல ஏற்பாடுதான்.

ரியூ முராகாமி அவருடைய தம்பியா?
*வாசகர், வேலூர்*

உறவே இல்லை. முராகாமி அங்கே நம்மூர் முருகன், கணேசன் மாதிரிப் பரவலான பெயர். ரியூ 1976இலேயே அகுதகாவா பரிசு (புதிய எழுத்தாளர்களுக்கு ஜப்பானில் கொடுக்கும் பெரிய இலக்கியப் பரிசு) வாங்கிவிட்டார், ஹாருகிக்கு அது கிடைக்கவே இல்லை. ரியூ பீட்டர் கேட்டுக்கு வந்துபோன வாடிக்கையாளர். இருவரும் உரையாடி ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு நாவலிலும் கிணறு வருகிறது, பூனை காணாமல் போகிறது, ஜாஸ் ஓடுகிறது. இதெல்லாம் ஆழமான குறியீடா, இல்லை நம்மை ஏமாற்றுகிறாரா?
*வாசகர், கோயம்புத்தூர்*

இரண்டும்தான். ஜாஸ் விஷயம் சுலபம். ஏழு வருடம் இசைத்தட்டு மாற்றிக்கொண்டே கிளாஸ் கழுவியவர் எழுதினால் அதில் இசைத்தட்டு ஓடத்தான் செய்யும். பூனை, வீட்டில் இருந்தது. சில நாவல்களில் இவை வெறும் கை வழக்கமாக வந்துபோகின்றன என்பது என் அபிப்பிராயம். ‘1கியூ84’இன் மூன்றாம் பாகம் வரும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

ஆனால் கிணற்றை அப்படித் தள்ளிவிட முடியாது. ‘சாவி கொடுத்த பறவையின் வரலாறு’ (1994, 95) நாவலில் வேலையில்லாத கணவன் ஒருவன் பக்கத்து வீட்டு வறண்ட கிணற்றுக்குள் ஏணி வைத்து இறங்கி அடியில் உட்கார்ந்துகொள்கிறான். படிக்கிறவருக்குக் கிறுக்குத்தனமாகப் படும். அதே நாவலில் ஒரு கிழவர், முன்னாள் ராணுவ அதிகாரி, தன் கதையைச் சொல்கிறார். ஜப்பான் படை மஞ்சூரியா–மங்கோலியா எல்லையில் திரிந்த காலம், நோமோன்ஹான் போருக்குச் சற்று முன்பு, மங்கோலியச் சமவெளியில் அவரை ஒரு வறண்ட கிணற்றுக்குள் தள்ளிவிடுகிறார்கள். அதற்கு முன் அவர் கண்ணெதிரே ஒரு மனிதனை உயிரோடு தோலுரித்த காட்சி வருகிறது. பலவீனமான மனம் உள்ளவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாம், வெட்கப்பட வேண்டாம், நான் முதல் முறை தாண்டினேன். கிணற்றின் அடிக்குச் சூரியன் ஒரு நாளில் சில நொடிதான் எட்டிப் பார்க்கிறது. அந்தச் சில நொடி வெளிச்சத்துக்காக அவர் காத்துக்கிடக்கிறார், பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வெளிச்சத்தை இழந்தவராகவே வாழ்கிறார்.

1939இல் நோமோன்ஹானில் சோவியத், மங்கோலியப் படைகளிடம் ஜப்பான் பலமாக அடிவாங்கியது. பல்லாயிரம் சிப்பாய்கள் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். ஊரில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. முராகாமி 1994இல் அந்த இடத்துக்கே போனார். ஐம்பத்தைந்து வருடம் கழித்தும் வெட்டவெளியில் இரும்புச் சிதறல்கள் அப்படியே கிடந்தன. ஆகவே டோக்கியோவின் வேலையில்லாத இளைஞன் கிணற்றில் இறங்குவது அவன் சொந்தச் சோகத்துக்காக மட்டும் அல்ல, தன் வீட்டுப் பெரியவர்கள் பேசாமல் மூடிவைத்த இடத்துக்கு இறங்குகிறான். இது ஏன் அவரை இப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்பதற்கு அடுத்த கேள்வி.

தன் அப்பாவைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா? நாவல்களில் அப்பாக்கள் எல்லாம் ஒரு மாதிரியாகவே வருகிறார்களே.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

ரொம்ப நாள் எழுதவில்லை. எழுபது வயதில், 2019இல், ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பூனையைக் கொண்டுபோய் விட்டுவந்த கதையோடு தொடங்குகிறது.

முராகாமி சின்னப் பையன். வீட்டில் வளர்ந்த பெரிய பெண் பூனையை, ஏன் என்று அவருக்கு நினைவில்லை, கடற்கரையில் கொண்டுபோய் விடுவது என்று முடிவாகிறது. அப்பா சைக்கிள் மிதிக்கிறார், பையன் பின்னால் பூனை இருக்கும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கோரோயென் கடற்கரை, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். பெட்டியைக் காற்றடைப்பு மரங்களின் ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், அதே பூனை வாலைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறது. அப்பாவின் முகத்தில் முதலில் திகைப்பு, அப்புறம் ஒரு வியப்பு, கடைசியில் நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் பையன் மறக்கவில்லை. பூனை அந்த வீட்டிலேயே இருந்தது.

அப்பா சியாகி, கியோத்தோவில் ஒரு பௌத்த கோயில் குருவின் ஆறு பிள்ளைகளில் ஒருவர். சின்ன வயதில் அவரை வேறொரு கோயிலுக்குத் தத்துப் போல அனுப்பிவிட்டு, ஒத்துவராமல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பூனை திரும்பி வந்தபோது அப்பா முகத்தில் வந்த நிம்மதியின் பொருள் மகனுக்குப் பிந்தித்தான் புரிகிறது.

அப்பா தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடிச் சூத்திரம் ஓதுவார். யாருக்காக என்று கேட்டால், போரில் செத்தவர்களுக்காக, நம் ஆட்களுக்காகவும் அப்போது எதிரியாக இருந்த சீனர்களுக்காகவும் என்பார். அதற்கு மேல் பையன் கேட்கவில்லை. அப்பா ஒரே ஒரு முறை, பையன் தொடக்கப் பள்ளியில் இருந்தபோது, தன் படைப்பிரிவு பிடித்த ஒரு சீனச் சிப்பாயை வாளால் வெட்டிக் கொன்றதைச் சொல்லியிருக்கிறார். அந்தச் சிப்பாய் திமிறவில்லை, கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தானாம். அப்பா அருகில் நின்று பார்த்தாரா, அதில் அவருக்கும் கை இருந்ததா, மகனுக்குத் தெரியாது.

அப்பா இருந்த படைப்பிரிவு 1937 டிசம்பரில் சீனாவின் நான்ஜிங் நகரைப் பிடித்து அட்டூழியம் செய்த பிரிவுகளில் ஒன்றோ என்ற பயம் முராகாமிக்கு வெகுகாலம் இருந்தது. பயத்தில் ஆவணங்களைத் தேடவே இல்லை. அப்பா 2008இல் 90 வயதில் இறந்தார். அதற்குப் பிறகும் தேடப் போவதற்குச் சில வருடங்கள் ஆயின. தேடியபோது அப்பா படையில் சேர்ந்தது 1938 ஆகஸ்டில், வேறொரு போக்குவரத்துப் பிரிவில் என்று தெரிந்தது. நான்ஜிங் முடிந்த பிறகு. பாரம் கொஞ்சம் இறங்கியது, ஆனால் அந்த வாள் இறங்கவில்லையே.

இதில் என்னைத் தைப்பது வேறொன்று. அப்பாவும் மகனும் இருபது வருடத்துக்கு மேல் முகம் பார்க்கவில்லை, பேச்சுவார்த்தை அநேகமாக இல்லை. அப்பா சாகக் கிடந்தபோதுதான் மருத்துவமனையில் சந்தித்து ஒரு மாதிரியாகச் சமாதானம் ஆனார்கள். சீனாவில் ஜப்பான் செய்ததைப் பக்கம் பக்கமாக எழுதத் துணிந்தவர், 2017இல் ‘படைத்தலைவரின் கொலை’ நாவலில் நான்ஜிங்கைப் பற்றி எழுதி வலதுசாரிகளிடம் வசவு வாங்கியவர், பெற்ற தகப்பனிடம் உட்கார்ந்து அதையே கேட்க முடியாமல் போனார். நாம் யார் கேட்டுவிட்டோம் நம் வீட்டில்?

‘நார்வீஜியன் வுட்’ ஏன் அவ்வளவு விற்றது? சாதாரணக் காதல் கதைதானே.
*கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

சாதாரணக் கதை என்பதால்தான். அதுவரை மாய ஆடு, இரண்டு உலகம் என்று எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு முறை நேர்கோட்டில் எழுதிப் பார்ப்போம் என்று கிரீஸ், சிசிலி, ரோம் என்று அலைந்தபடி எழுதியது. 1987இல் இரண்டு பாகம், ஒன்று சிவப்பு அட்டை, ஒன்று பச்சை அட்டை, அட்டை யோசனை அவருடையதே. லட்சக்கணக்கில் போனது. தெருவில் நடக்க முடியாத புகழ் வந்தது, அவருக்கு அது பிடிக்கவே இல்லை, மறுபடி வெளிநாட்டுக்கே போய்விட்டார். ஒரு சின்ன வேடிக்கை: நாவலின் பெயர் ஒரு பீட்டில்ஸ் பாட்டின் தலைப்பு, அதில் வரும் ‘வுட்’ என்ற சொல்லுக்கு மரப்பலகை என்ற பொருளும் உண்டு, ஜப்பானில் அந்தப் பாட்டின் பெயரைக் காடு என்று பெயர்த்துவிட்டார்கள். நாவல் முழுக்க அந்தக் காட்டின் இருட்டு இருக்கிறது. தவறு என்றாலும் நல்ல தவறு.

என் மகள் முராகாமியை வாசிக்க மறுக்கிறாள். பெண் பாத்திரங்கள் எல்லாம் ஆணுக்கு வழிகாட்டிவிட்டு மறைவதற்கே வருகிறார்கள் என்கிறாள். என்ன பதில் சொல்வது?
*வாசகி, ஈரோடு*

உன் பேச்சு சரிதான் என்று சொல்லுங்கள். முராகாமியிடம் நேருக்கு நேராகவே இதைக் கேட்டுவிட்டார் மியெகோ கவகாமி. இவரும் நாவலாசிரியர், ஒசாகாக்காரர், சின்ன வயதிலிருந்து முராகாமியை வாசித்து வளர்ந்தவர். பல அமர்வுகளாக எடுத்த நேர்காணல் 2017இல் புத்தகமாக வந்தது. உங்கள் பெண்கள் ஏன் எப்போதும் ஆணின் கதைக்காகவே பலியாகிறார்கள், உடலுறவின் வழியாகவே ஏன் இன்னொரு உலகத்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்று விடாமல் கேட்கிறார். முராகாமி மழுப்புகிறார் என்றுதான் நான் சொல்வேன். ஆணோ பெண்ணோ, தனிமனிதர்களைத் தோண்டுவதில் தனக்கு அவ்வளவு நாட்டமில்லை என்கிற மாதிரி ஒரு பதில். கேட்டவருக்கும் அது போதவில்லை.

அதே கவகாமி ஒரு கதையை மட்டும் தூக்கிவைத்துப் பேசுகிறார்: ‘தூக்கம்’, 1989இல் எழுதியது. பல் மருத்துவரின் மனைவி ஒருத்தி, பதினேழு நாள் தூங்காமல் இருக்கிறாள். அலுப்பு இல்லை, நோய் இல்லை. கணவனும் பிள்ளையும் தூங்கிய பிறகு பிராந்தியை ஊற்றிக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போன சாக்லெட்டைத் தின்றுகொண்டு ‘அன்னா கரேனினா’ படிக்கிறாள். பழைய பிரதியைத் திறந்தால் பக்கங்களுக்கு நடுவே அவள் கல்யாணத்துக்கு முன் தின்ற சாக்லெட்டின் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. அந்த ஒரு கதையை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் முராகாமியை விட்டுவிட்டு கவகாமியையே படிக்கட்டும். சயாக்கா முராத்தாவும் இருக்கிறார், பகுதிநேரமாகப் பலசரக்குக் கடையில் வேலை பார்த்தபடியே அப்படி ஒரு கடையின் ஊழியையைப் பற்றி நாவல் எழுதி 2016இல் அகுதகாவா பரிசு வாங்கியவர். நஷ்டம் ஒன்றும் இல்லை.

நோபல் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்?
*வாசகர், தஞ்சாவூர்*

சுவீடனில் கேட்க வேண்டிய கேள்வி. அக்டோபர் வந்தால் செந்தகாயாவில் அவர் பழைய கடைக்குப் பக்கத்திலிருக்கும் ஹாத்தோனோமோரி கோயிலில் ரசிகர்கள் கூடிவிடுவார்கள், தொலைக்காட்சிக்காரர்களும் கேமராவோடு வருவார்கள், வேறு யாருடைய பெயரையாவது அறிவிப்பார்கள், கைதட்டிவிட்டுக் கலைந்துபோவார்கள். 2018இல் நோபல் நின்றுபோன வருடம், மாற்றாக ஏற்படுத்திய பரிசின் இறுதிப் பட்டியலில் இவர் பெயர் இருந்தது. எழுதுவதில் கவனம் செலுத்த வேண்டும் என்று சொல்லித் தாமாகவே விலகிக்கொண்டார். அகுதகாவாவுக்கு முதல் இரண்டு நாவலும் போய்த் தோற்றன. தேர்வுக் குழுவில் இருந்த, பிற்பாடு நோபல் வாங்கிய நாவலாசிரியர் கென்சாபுரோ ஓயேக்கு அப்போது பிடிக்கவில்லை. பிற்பாடு ‘சாவி கொடுத்த பறவை’க்கு யோமியுரி பரிசு கிடைத்தபோது அதை வழங்கிப் பாராட்டியவர் அதே ஓயே.

என்னைக் கேட்டால் இஸ்ரேலில் கொடுக்கும் ஜெருசலேம் பரிசு, 2009இல் இவருக்குக் கிடைத்ததுதான் கவனிக்க வேண்டியது. காஸாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்த சில வாரத்தில் அழைப்பு. போகாதீர்கள் என்று ஜப்பானில் கண்டனம், புத்தகங்களைப் புறக்கணிப்போம் என்று மிரட்டல். போனார். போய், உயரமான கெட்டிச் சுவர் ஒன்றும் அதில் மோதி உடையும் முட்டை ஒன்றும் இருந்தால் நான் எப்போதும் முட்டையின் பக்கம்தான் என்று அவர்கள் மேடையிலேயே சொல்லிவிட்டு வந்தார். அப்பாவின் காலைப் பிரார்த்தனையை முதன்முதலாக வெளியே சொன்னதும் அந்தப் பேச்சில்தான். போயிருக்கக் கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும்.

கற்பனை தவிர வேறு எழுதியிருக்கிறாரா?
*வாசகர், புதுச்சேரி*

‘நிலத்தடி’யை விட்டுவிடாதீர்கள். 1995 மார்ச் 20 காலை, டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டத்தார் ஐந்து வண்டிகளில் சாரின் என்ற நச்சுத் திரவப் பைகளை வைத்து, கூர் தீட்டிய குடைமுனையால் குத்திவிட்டு இறங்கிப்போனார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கோபேயில் நிலநடுக்கம், ஆறாயிரத்துக்கும் மேலே சாவு. வருடக்கணக்கில் வெளிநாட்டில் இருந்தவர் அந்த வருடம் நாடு திரும்பினார்.

ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த வாசகி கடிதம்தான் தொடக்கம் (நம் பக்கம் போலத்தான்!). சாரின் தாக்கியதால் கணவரால் முன்போல வேலை செய்ய முடியவில்லை, அலுவலகத்தில் சீண்டிச் சீண்டி வேலையை விடவைத்துவிட்டார்கள் என்று மனைவி எழுதியிருந்தாள். முராகாமி ஒரு வருடம் சுமார் அறுபது பேரைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார். எல்லோரிடமும் முதல் கேள்வி தாக்குதலைப் பற்றி இல்லை. எங்கே பிறந்தீர்கள், என்ன வேலை, காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், எந்தப் பெட்டியில் ஏறுவீர்கள். பத்திரிகைகள் கொலைகாரர்களின் முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பலியானவர்கள் அவருடைய புத்தகத்தில் பல்வலியும் வீட்டுக் கடனும் உள்ள மனிதர்களாக வருகிறார்கள். கண் மங்கி, மூக்கு ஒழுகி, ஆனாலும் வேலைக்கு நேரமாகிறதே என்று அலுவலகத்துக்கு நடந்தவர்கள் அதில் எத்தனை பேர்!

67 வயதில் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். அவரும் ஓடுவார் என்று கேள்விப்பட்டேன்.
*வாசகர், திருநெல்வேலி*

வணக்கம் ஐயா, உங்களிடம் எனக்குப் பொறாமை. ஒரு நாளைக்கு அறுபது சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். கடையை விற்று, உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததும் உடம்பு ஊத ஆரம்பித்தது, 1982இல் ஓட ஆரம்பித்தார், சிகரெட் தானே போனது. மறு வருடமே கிரீஸில் ஏதென்ஸிலிருந்து மாரத்தான் ஊர் வரை, ஜூலை வெயிலில், தன்னந்தனியாக ஓடினார். வழியெல்லாம் குளிர்ந்த பீரையே நினைத்துக்கொண்டு ஓடி, கடைசியில் குடித்தபோது ஓடும்போது நினைத்த பீர் அளவுக்கு அது நன்றாக இல்லையாம். 1996இல் ஹொக்கைதோவின் சாரோமா ஏரியைச் சுற்றி 100 கிலோமீட்டர், 11 மணி 42 நிமிடம். கல்லறையில் எழுத அவர் கேட்கும் வரி: ‘கடைசி வரை நடக்கவில்லை.’

நாவல் எழுதும் காலத்தில் காலை நான்கு மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுத்து. பிறகு பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் அல்லது நீச்சல். இரவு ஒன்பதுக்குப் படுக்கை. ஒரு நாளைக்குப் பத்துத் தாள், தாளுக்கு 400 எழுத்துக் கட்டம். ஆசையாக வந்தாலும் பத்தோடு நிறுத்திவிடுவார், வராவிட்டாலும் பத்து வரும் வரை விடமாட்டார். ஆலை வாசலில் அட்டை குத்துகிற தொழிலாளி மாதிரி என்பார். கலைஞன் இப்படியா எழுதுவான் என்று கேட்டவர்களுக்கு, நாவலாசிரியன் ஏன் கலைஞனாக இருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

‘டிரைவ் மை கார்’ படம் பார்த்தேன். கதை வேறு மாதிரி என்கிறார்களே?
*வாசகி, சென்னை*

கதை சின்னது, படம் மூன்று மணி நேரம். ரியூசுகே ஹமகுச்சி அதே தொகுப்பின் மற்றக் கதைகளிலிருந்தும் எடுத்துக் கோத்தார், 2022இல் ஆஸ்கர் வாங்கினார். கதையில் கார் மஞ்சள், படத்தில் சிவப்பு. பத்திரிகையில் கதை வந்தபோது ஒரு தமாஷ். ஹொக்கைதோவில் உள்ள நகதொம்பெத்சு என்ற சிற்றூரில் எல்லோரும் சிகரெட் துண்டைக் காரிலிருந்து வெளியே எறிவார்களோ என்று பாத்திரம் ஒன்று நினைக்கிறது. ஊர்ச் சபை உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டார்கள். முராகாமி வருத்தம் தெரிவித்து, புத்தகத்தில் இல்லாத ஊர் ஒன்றின் பெயரைப் போட்டுவிட்டார்.

நான் சிறிய டிபன் கடை வைத்திருக்கிறேன். இரவு பதினொன்றுக்கு மேல் கதை எழுதுகிறேன். கடையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா?
*வாசகர், விழுப்புரம்*

அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி. முராகாமி முதல் இரண்டு நாவலையும் கடையை நடத்திக்கொண்டேதான் எழுதினார். பரிசு வாங்கிய பிறகும் கடை நடந்தது. விற்றது 1981இல். மூன்றாவது நாவல் ‘ஆட்டைத் தேடி’யை அதற்குப் பிறகுதான், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, முழு மூச்சாக எழுதினார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள், கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்ததாம். இரண்டு வருடம் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் மறுபடி சின்னக் கடை போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

கடையிலிருந்து அவர் எடுத்துப்போன பாடம் ஒன்று உண்டு. உள்ளே வருகிற பத்துப் பேரில் ஒருவருக்குப் பிடித்துப்போய்த் திரும்ப வந்தாலே போதும், வியாபாரம் ஓடும். மற்ற ஒன்பது பேருக்குப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, ஆனால் அந்த ஒருவருக்கு ரொம்பப் பிடிக்க வேண்டும். எழுத்தையும் அந்தக் கணக்கில்தான் நடத்துகிறேன் என்கிறார். இந்தக் கணக்கை இட்லிக்கு வைக்காதீர்கள், ஒன்பது பேர் எழுந்து போனால் மாவு மிஞ்சிவிடும்.

பதினொரு மணிக்குக் கல்லாவை எண்ணி வைத்துவிட்டு மேசையில் உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் நாள். அப்புறம் ஒரு விஷயம், பத்திரிகைக்கு அனுப்பும்போது கதையை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முராகாமி எடுக்காமல் ஒரே பிரதியை அனுப்பிவிட்டார்.